என் சீட்டில் உட்கார்ந்த அக்கா

அந்த அக்கா மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தால் இந்த ஜென்மத்தில் எழுத முடியாது. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை. போட்டால் அதையும் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை செய்த சார்ஜர் கம்பெனியில் அவளை எல்லோரும் ரிலீவர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். லைன் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்போம். சர்க்யூட் போர்டு ஒவ்வொன்றாக வரும், அவரவர் பாகத்தைச் செருகி அனுப்ப வேண்டும். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றாலும் கையைத் தூக்கிவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆரஞ்சுத் தொப்பி போட்ட ரிலீவர் வந்து நம் சீட்டில் உட்கார்ந்தால்தான் நாம் எழுந்திருக்கலாம்.

மற்ற லைன்களில் ரிலீவர் என்று வருகிறவர்கள், என்னமோ சொத்தையே எழுதிக் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். "இப்பதானடி போன?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கேள்வி வேறு. எங்கள் அக்கா அப்படியில்லை. கை பாதி உயரும்போதே பக்கத்தில் நிற்பாள். இடுப்பால் ஒரு இடி. "நீ போ பாப்பா, நான் குந்திக்கிறேன்." நான் இந்தப் பக்கம் நகர்வேன், அவள் அந்தப் பக்கமாக வந்து உட்காருவாள், ஒரு போர்டுகூடத் தப்பிப் போகாது. அப்படி ஒரு கை. ஆரம்பாக்கத்தில் பிறந்து கவரைப்பேட்டைக்கு வாழ வந்தவள். "எங்க நைனா லாரி ஓட்டும்போது நான்தான் பக்கத்துல குந்திக்கினு வருவேன். எந்த சீட்டா இருந்தா இன்னா, குந்தத் தெரியணும்" என்பாள்.

கம்பெனிக்கு வெளியிலும் அவள் ரிலீவர்தான். எங்கள் லைன் பெண் ஒருத்தியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஷிஃப்ட் பஸ் பஞ்சராகி அவள் நடுவழியில் மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒத்தாசைக்குப் போயிருந்த அக்கா என்ன செய்தாள் தெரியுமா? தலையைச் சீவிப் பூ வைத்துக்கொண்டு, காபித் தட்டோடு போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "பொண்ணு வந்துக்கினு கீது. வர்ற வரைக்கும் என்னைப் பாத்துக்கினு இருங்க, இன்னா இப்ப?" மாப்பிள்ளையின் பெரியம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் பேசி முடிந்தது.

என் மகளுக்குக் காய்ச்சல் வந்து பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நான் லீவு கிடைக்காமல் ஷிஃப்டுக்குப் போக, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றாலும் அவள்தான் போனாள். கணக்கு டீச்சர் என் மகளைப் பற்றிச் சொன்ன குறைகளை எல்லாம் கேட்டு, அங்கேயே அழுதிருக்கிறாள். திரும்பி வந்து என்னிடம், "உம் பொண்ணு என் மானத்த வாங்கிட்டா பாப்பா. டீச்சரு கேக்கறாங்க, ஊட்ல இன்னாதான் பண்றீங்கன்னு. நான் இன்னா சொல்றது?" என்று மறுபடி கண்ணைக் கசக்கினாள். எனக்கே வராத அழுகை. இப்படி ஒரு மனுஷியா என்று அன்றைக்கு உருகிப் போனேன்.

ஒரே ஒரு தடவை எனக்கு லேசாகச் சுருக்கென்றது. எங்கள் லைனில் ஒரு சின்னப் பெண், பேக்கிங்கில் இருந்த பையனை விரும்பினாள். ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு பழவேற்காடு போனாள். போகிறவளுக்குச் சப்பாத்தி சுட்டுக் கட்டிக் கொடுத்து, தன் புதுத் துப்பட்டாவையும் கொடுத்து அனுப்பியது அக்கா. மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்து கேட்க, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னதும் அதே அக்கா. பெண்ணை வேலையை விட்டு நிறுத்தி, மாமா பையனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். ஏன்க்கா இப்படிச் செய்தாய் என்று நாங்கள் சண்டைக்குப் போனோம்.

"அவங்க அம்மா அழுதுக்கினு கேட்டாங்கடி. கேட்டாங்க, சொன்னேன். பெத்தவ கேட்டா பொய்யா சொல்லச் சொல்றீங்க?" என்றாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. பெண்ணிடம் இருந்தபோது பெண்ணாக இருந்தவள், அம்மாவிடம் போனதும் அம்மாவாகிவிட்டாள். பாவம், வெள்ளை மனசு என்று நாங்களும் விட்டுவிட்டோம். எங்களுக்கு அப்போது புத்தி அவ்வளவுதான்.

இனி என் நாவல் கதைக்கு வருகிறேன்.

ஒரு சிற்றிதழில் முதல் நாவலுக்குப் போட்டி அறிவித்திருந்தார்கள். சனிக்கிழமை மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். தாமரைப்பாக்கம் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒருத்தியைப் பற்றி நான் போனிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எழுதினேன், அரிசி வேகும்போது எழுதினேன், சர்ச்சில் பிரசங்கம் நீளும்போதுகூடக் கர்த்தர் மன்னிப்பார் என்று எழுதினேன். கடைசி மூன்று அத்தியாயம்தான் பாக்கி. அந்த வாரம்தான் எல்லாம் சேர்ந்து வந்து விடிந்தது.

கம்பெனியில் அவசர ஆர்டர், ஓவர்டைம் கட்டாயம். நாத்தனார் புது வீடு கட்டி புதன்கிழமை வீட்டு ஜெபம் வைத்திருந்தாள். பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க முதல் நாளே அண்ணி நான் போயாக வேண்டும். மகளுக்குப் பள்ளியில் எரிமலை செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரரின் ஷேர் ஆட்டோ கிளட்ச் போய் வீட்டு வாசலில் படுத்துவிட்டது. அதனால் அவரும் வீட்டில். "நீ எழுதும்மே, நான் தொந்தரவே பண்ணல" என்பார். அடுத்த நிமிஷம், "துண்டு எங்க கீது?" துண்டு அவர் தோளில் இருக்கும். "இன்னாதான் எழுதற, படிச்சிக் காட்டேன்" என்பார். படித்தால் இரண்டாவது வரியில் குறட்டை. நான் அழவா சிரிக்கவா?

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னா பாப்பா மூஞ்சி இப்படி கீது? நாஷ்டா துன்னியா இல்லியா?" என்றாள். வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். நாவல் எழுதுகிறேன், முடிக்க நேரம் இல்லை, சனிக்கிழமை போனால் போனதுதான் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அக்கா வாயில் கையை வைத்தாள். "கதைப் பொஸ்தகமா? நீயா? அடிப்பாவி, எத்தினி நாளா மறைச்சிக்கினு இருந்த!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். சூளைக்காரி புருஷன் அடிக்கிறான் என்றதும், "அவனை வுட்டுட்டுப் போவச் சொல்லு, எவன் கேப்பான்?" என்று சத்தம் போட, பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். இறங்கும்போது என் கையை அழுத்திச் சொன்னாள்: "டைம்தான உனக்கு வேணும்? நான் தரேன். நீ போய் எழுது, நான் உன் சீட்ல குந்திக்கிறேன்."

சொன்னபடி செய்தாள். நான் கை தூக்கவே வேண்டாம், அவளாகவே வந்து இடிப்பாள். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, நோட்டும் பேனாவும் கூடாது. அக்கா தன் தொப்பிக்குள் கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு வந்து கொடுத்தாள். அச்சு பிசகி, குப்பைக்குப் போகிற லேபிள் தாள்களையும் அவளே பொறுக்கித் தந்தாள். உடம்பு முடியாதவர்கள் படுக்க ஓய்வறையில் ஒரு இரும்புக் கட்டில் இருக்கும். அதில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து எழுதுவேன். தாளை வெளியே எடுத்துப் போனால் செக்யூரிட்டி பிடிப்பான். அதனால் ஷிஃப்ட் முடிந்ததும் லாக்கர் பக்கம் நின்றபடியே போனில் ஏற்றிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தே என்னைக் கொல்வான்.

என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு வாரம் வந்ததில்லை. திருட்டு நேரம் என்பதாலோ என்னவோ, வார்த்தை தானாக வந்து விழுந்தது. திரும்பி வந்தால் அக்கா போர்டைச் செருகிக்கொண்டே கேட்பாள், "இன்னா ஆச்சு அவளுக்கு? கெளம்பிட்டாளா?" "இன்னும் இல்லக்கா." "சீக்கிரம் கெளப்பு. போ, இன்னும் கொஞ்ச நேரம் எழுதிட்டு வா. நான்தான் கீறேன் இல்ல?" எனக்கே பயமாக இருக்கும். "போதும்க்கா, சூப்பர்வைசர் பாத்தா பேஜாரு" என்பேன். "அவன் கெடக்கறான் கஸ்மாலம். நீ போ" என்று தள்ளிவிடுவாள்.

வியாழக்கிழமை கடைசி அத்தியாயத்தை முடித்தேன். சூளைக்காரி பஸ் ஸ்டாப்பில் குழந்தையோடு நிற்கிறாள். பஸ் வருகிறது. அங்கே அவள் ஒரு காரியம் செய்தாள். நான் யோசித்து வைத்தது இல்லை அது, அவளாகவே செய்தாள். அன்று பஸ் டிரைவர் காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டான். போனில் ஏற்ற நேரமில்லை. தாள்களை மடித்து லாக்கரில் டிபன் பைக்கு அடியில் வைத்தேன். "நாளைக்கு ஏத்திக்கலாம் பாப்பா, எங்க பூடப்போவுது" என்று அக்காதான் லாக்கர் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் டெஸ்டிங்கிலிருந்து தகவல் வந்தது. முந்தின நாள் போர்டுகள் நிறைய புகைந்து போயிருக்கின்றன. ஒரு சின்னப் பாகம் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது. எல்லாம் என் சீட் எண். நேரத்தைப் பார்த்தார்கள். நான் ஓய்வறையில் இருந்த நேரம். அக்கா என் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்து சீட்டுப் பெண்ணும் அவசரம் என்று கை தூக்க, இவளுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாதே, அவளையும் அனுப்பிவிட்டு இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்திருக்கிறாள். பாகங்கள் வைத்த இரண்டு ட்ரேயையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு செய்ததில் கை மாறிவிட்டது.

அந்த மாதம்தான் கான்ட்ராக்ட் பெண்களில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. அக்கா எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தவள், அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. தப்பு நடந்துவிட்டது, இரண்டு பேருமாகத் திட்டு வாங்குவோம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் அக்காவை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை. எனக்குச் சத்தம் கேட்காது, முகம் தெரியும். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் பேசப் பேசத் தலையாட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார், இவளும் பிதுக்கினாள். அவர் மேசையைத் தட்டினார், சற்று நேரத்தில் இவளும் ஒரு விரலால் மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கூட உட்கார்ந்திருந்த ஹெச்.ஆர். மேடம் எழுந்து லாக்கர் பக்கம் போனார். எங்கேயும் தேடவில்லை. போனார், எடுத்தார், வந்தார்.

என்னைக் கூப்பிட்டபோது தாள்கள் மேசை மேல் இருந்தன.

"கதை எழுதறியாமே?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"கம்பெனி டைம்ல. கம்பெனி பேப்பர்ல."

"குப்பைக்குப் போற பேப்பர் சார் அது."

அக்கா குறுக்கே பேசினாள். "நான் சொன்னேன் சார், வேலைதான் முக்கியம்னு. கேக்கல. ரூமுக்குப் போச்சின்னா திரும்பி வராது சார். நான் ஒருத்தி எத்தினி சீட்லதான் குந்துவேன்?"

"அக்கா, நீதானக்கா என்னைப் போ போன்னு தள்ளின?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் திருட்டுத்தனம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெற்ற தாய்போல வருத்தம் அந்த முகத்தில். "ஏன் பாப்பா இப்படிப் பண்ண? இத்தினி பேரு பொழப்பு இருக்குதே, யோசிக்க வேணாமா?" என்றாள். மேனேஜர் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அவர் வாயைத் திறக்கும் முன் இவள் சொல்லிவிட்டாள்.

நான் அந்த அறையில் அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் தாள்களை மேடம் கையில் எடுத்ததும் அழுதுவிட்டேன். "மேடம், வேலைய விட்டு வேணா எடுத்துடுங்க. அந்தப் பேப்பரை மட்டும் குடுத்துடுங்க மேடம். நாளைக்கு அனுப்பணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். லேபிள் தாள் எதுவும் வெளியே போகக் கூடாது, அதுதான் ரூல் என்றார் மேடம். மூலையில் இருந்த கிழிக்கும் மிஷினில் போட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்றவளும் குழந்தையும் நூல் நூலாகக் கீழே விழுந்தார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து கேட்டில் என் அட்டை வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். வீட்டுக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், துண்டு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. நேரம் இருந்தது, அமைதி இருந்தது. பஸ் வரை எழுதிவிட்டேன். பஸ் வந்ததும் அவள் என்ன செய்தாள் என்பது தெரியும். எப்படிச் செய்தாள் என்பது வரவில்லை. அந்த வார்த்தைகள் எங்கோ போய்விட்டன. எதையோ எழுதி மூடி, மாலையில் அனுப்பினேன்.

பரிசு வரவில்லை. பிறகு ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டது. படித்தவர்கள் நன்றாகப் பேசினார்கள், என் வீட்டுக்காரரே கடைசி வரை தூங்காமல் படித்தார். ஆனால் எல்லோரும் கடைசியில் ஒன்று சொல்வார்கள்: முடிவுதான் கொஞ்சம் அவசரமாக இருக்கிறது. ஆமாம் என்று தலையாட்டுவேன். வேறு கம்பெனியில் வேறு வேலை கிடைத்துவிட்டது, வேலை போனதை எல்லாம் நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்த முடிவை மட்டும் விட முடியவில்லை. வயிறு எரிகிறது.

போன மாதம் கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கேட் சாத்தியிருந்தது. "பாப்பா!" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். நிரந்தரக்காரர்கள் போடுகிற நீலச் சட்டை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட வந்த பெண்களிடம், "கதைப் பொஸ்தகம் எழுதுச்சின்னு சொன்னேனே, இந்தப் பொண்ணுதான். இது எழுத எழுத நான்தான் இது சீட்ல குந்தி வேலை செஞ்சேன்" என்று சொல்லிச் சிரித்தாள். பொய் இல்லை அது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் முகம் வாடியது. அந்தப் பெண்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "இன்னும் கோவமா பாப்பா? அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். மேல கீறவங்க கேக்கும்போது நான் இன்னா பண்ண முடியும் சொல்லு."

"சரிக்கா, கேட்டதுக்குச் சொன்ன. பேப்பர் எங்க கீது, லாக்கர்ல எதுக்கு அடியில கீதுன்னு அவங்க கேட்டாங்களா?"

அதற்குள் சரக்கு ரயில் ஒன்று வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை மட்டும் விடவில்லை.

ரயில் போன பிறகு, "இல்ல பாப்பா" என்றாள். "அவங்க கேக்கல."

கேட்டைத் தூக்கினார்கள். நான் கையை உருவிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி நடந்தேன்.